செத்த சுண்ணாம்பு

மழை வரக்கூடாது என்று நினைப்பதை எங்கள் பக்கம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. வானம் பார்த்த பூமி. கண்மாயில் தண்ணீர் ஏறினால் வேலையை விட்டுவிட்டுக் கரையில் போய் நின்று பார்க்கிற சனங்கள். அப்படிப்பட்ட ஊரில், அந்த ஐப்பசி மாதம் முழுக்க நான் பிள்ளையார் முன்னால் நின்று, மழையை வேறு எங்காவது கொண்டுபோய்க் கொட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று கும்பிட்டவர்கள் நேர்மாறாகக் கேட்டிருப்பார்கள். பிள்ளையாரும் என்னதான் செய்வார், அவர்கள் பக்கம்தான் கூட்டம் அதிகம்.

எனக்குப் பயம். வெளியில் சொல்ல முடியாத பயம் என்பதால் அது உள்ளேயே கிடந்து பெருத்தது. என் மகள் நிறைமாதமாக எங்கள் புதுவீட்டில் இருந்தாள். அந்த வீட்டுக்கு அடியில் இருந்த மண்ணை நான் நம்பவில்லை.

காரைக்குடியைச் சுற்றிப் பெரும்பாலும் செம்மண்தான். செம்மண்ணில் கட்டிய வீடுகள் காலாகாலத்துக்கும் அசையாமல் நிற்கின்றன. எங்களுக்கு வாய்த்த மனை அப்படி இல்லை. ஒரு கண்மாய்க்குக் கீழே வயலாக இருந்து பிளாட் போடப்பட்ட இடம். மண் கறுப்பு. முதன்முதலாகப் பார்க்கப் போனது சித்திரை வெயிலில். தரை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நான் தையல்காரி, கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்கேல் கிடக்கும். சும்மா விளையாட்டாக அதை ஒரு வெடிப்புக்குள் இறக்கினேன். முழுசாக உள்ளே போய்விட்டது. எடுக்கவே முடியவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்தார். "பூமாதேவிக்குச் சட்டை தைக்க அளவு எடுக்கிறியா?" என்றார். அவருக்கு எல்லாமே சிரிப்புத்தான்.

அப்புறம் ஒரு மழைக்குப் பிறகு போனோம். வெடிப்பெல்லாம் மூடி, தரை உப்பியிருந்தது. செருப்பில் மண் அப்பிக்கொண்டு, நாலு எட்டு வைப்பதற்குள் கால் யானைக்கால் போலக் கனத்தது. வெயிலுக்குப் பிளக்கிற மண், மழைக்கு வீங்குகிற மண். இதன்மேல் வீட்டைக் கட்டினால் வீடு என்ன செய்யும் என்று கேட்டேன். "ஊர்ல எல்லாரும் கட்டிக்கிட்டுத்தான் இருக்காக" என்று பதில் வந்தது.

அவருக்குத் தூரத்து உறவில் தம்பி முறையாகிற பையன் ஒருவன், என்ஜினியர். மண்ணைப் பற்றியே மேல்படிப்புப் படித்தவன். அவனை வரவழைத்தோம். ஒரு சாக்கில் மண்ணை அள்ளிக்கொண்டு போனவன் கொஞ்ச நாள் கழித்து இரண்டு உருண்டைகளோடு வந்தான். ஒன்று வெறும் களிமண். இன்னொன்று அதே களிமண்ணோடு சுண்ணாம்பும் உமிச் சாம்பலும் கலந்து, ஈரத்தில் வைத்துப் பழக்கியது. இரண்டு சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி இரண்டையும் போட்டான். நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் முதல் உருண்டை கரைந்து கூழாகிவிட்டது. இரண்டாவது போட்டபடியே கிடந்தது. நான் எடுத்து நசுக்கிப் பார்த்தேன், விரல்தான் வலித்தது.

"இதுதான் மதினி விஷயம். இந்த மண்ணு தண்ணியக் குடிச்சு ஊதுற மண்ணு. சுண்ணாம்பு அந்தக் குணத்தை மாத்தும். உமிச் சாம்பல் சுண்ணாம்போட சேந்து சிமெண்டு மாதிரி புடிச்சுக்கிரும். ஆனா ரெண்டும் வேணும். சாம்பல் மட்டும் போட்டா அது வெறும் சாம்பல்தான். சுண்ணாம்பு சூளையில சுட்டதா, புதுசா இருக்கணும்" என்றான்.

மண்ணைத் தோண்டி எடுத்து, இரண்டையும் கலந்து, அடுக்கடுக்காகப் போட்டு ரோலர் விட்டு இறுக்கிவிட்டு, அதன்மேல் வீடு கட்ட வேண்டும். உமிச் சாம்பலுக்கு அலைய வேண்டியதில்லை. சிங்கம்புணரிப் பக்கம் அவருக்குத் தெரிந்த ரைஸ் மில் ஒன்றில் பாய்லரில் உமி எரித்த சாம்பல் மலையாகக் குவிந்து கிடந்தது. காற்றடித்தால் பக்கத்துத் தெருவில் காயப்போட்ட துணியெல்லாம் கறுத்துப்போகிறது என்று சனங்கள் சண்டைக்கு வருகிறார்களாம். கேட்ட மறுநாளே லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். கொட்டிவிட்டு எங்களுக்கே நன்றியும் சொன்னார்கள்.

சுண்ணாம்பை வாங்குவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. இங்கே அவர் தொழிலைச் சொல்லியாக வேண்டும். இடிக்கப்படுகிற பெரிய வீடுகளில் மரமும் தூணும் கதவும் சன்னலும் வாங்கி விற்கிறவர். பங்காளிகள் கூடிப் பேசி, இனிமேல் வைத்துப் பார்க்க முடியாது என்று ஒரு வீட்டை விலை பேசிவிட்டால், முதல் கடப்பாரை இவருடைய ஆட்களுடையதாக இருக்கும். மரத்தை விற்பார், பீங்கானை விற்பார், கல்லை விற்பார். விற்க முடியாமல் மிஞ்சுவது சுவர்ப் பூச்சு. முட்டை வெள்ளையும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிற அந்தக் காரை. இவருக்கு அதன்மேல் சாமி பக்தி மாதிரி ஒரு பக்தி. "கடப்பாரை தெறிக்குது, காரை தெறிக்க மாட்டேங்குது" என்பார். சாப்பிடும்போது கூட அதைப் பற்றித்தான் பேச்சு. இடித்த காரையைக் குப்பையில் கொட்ட மனசில்லாமல் கடைக்குப் பின்னால் குவித்து வைத்திருந்தார்.

மண்வேலை தொடங்குகிற நேரத்தில் அந்தத் தம்பி வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். எவ்வளவுக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் போனிலேயே சொன்னான். இவர் போட்டோ எடுத்து அனுப்பினார். கறுப்பாக ஒரு குவியல், வெள்ளையாக ஒரு குவியல். நானும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்தது.

வீடு எழும்பியது. அழகான வீடுதான், பொய் சொல்லக் கூடாது. தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தோம். அறைக் கதவுகள் எல்லாம் இவர் கடையிலிருந்து வந்த பர்மாத் தேக்கு. குளியலறைக்குக் கூடப் பிளாஸ்டிக் கதவு வைக்க விடவில்லை, ஒரு பழைய கனத்த கதவை வெட்டிச் சின்னதாக்கி மாட்டினார். தை மாதம் பால் காய்ச்சிக் குடி போனோம். அந்தக் கோடை முழுக்க வீட்டில் ஒரு குறையும் இல்லை. என் பயத்தை நானே கேலி செய்துகொண்டேன்.

புரட்டாசியில் வளைகாப்பு முடிந்து மகளைப் பேறுகாலத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். தலைப்பிள்ளை. சன்னல் பெரிதாக இருக்கிற, குளியலறை ஒட்டினாற்போல இருக்கிற அறையை அவளுக்குக் கொடுத்தோம். ஐப்பசி பிறந்தது, மழை பிடித்துக்கொண்டது.

முதலில் அவள் அறைக் கதவு தரையில் உரசத் தொடங்கியது. இவர் இழைப்புளி கொண்டு அடியைச் சீவிவிட்டார். இரண்டு நாள் சரியாக இருந்தது. பிறகு மறுபடி உரசியது. மறுபடி சீவினார். ஆத்தங்குடிக் கல்லின் பூவேலைமேல் கதவு இழுத்த கோடு வில் மாதிரி வெள்ளையாக விழுந்திருந்தது. "புது வீட்டுல மரம் மழைக்கு ஊறத்தான் செய்யும்" என்றார். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து, ஒரு பெரிய வீட்டில் தலைமுறை தலைமுறையாக மழை பார்த்த மரம், எங்கள் வீட்டுக்கு வந்துதான் ஊறுகிறதாம்.

பிறகு சன்னல் மூலையிலிருந்து ஒரு கீறல் கிளம்பியது. தலைமுடி போலத்தான் இருந்தது. எனக்குத் துணியில் கோணல் இருந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். நூல் ஓடாத இடம் தெரியும். அந்தச் சுவர் எனக்கு அப்படித்தான் தெரிந்தது, இழுத்துத் தைத்த துணி மாதிரி. துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்து, கீறல் எங்கே முடிகிறதோ அங்கே குறுக்கே ஒரு கோடு போட்டேன். மறுநாள் காலையில் கீறல் கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு போட்டேன். அதையும் தாண்டியது. அதற்கப்புறம் காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை அதுதான். மகள் படுத்திருக்கும்போதே மெதுவாக உள்ளே போய்ச் சுவரைப் பார்ப்பேன். அவள் தூங்குவது போல இருப்பாள். நானும் அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அறையிலிருந்து தேங்காய் உடைத்தது போல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் தரையின் நடுவில் இரண்டு கற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூரை போல எழும்பி நின்றன. யாரும் மிதிக்கவில்லை, எதுவும் விழவில்லை. கீழே இருந்து யாரோ முதுகை நிமிர்த்திய மாதிரி தரை தானாக எழும்பியிருந்தது. நான் அறை வாசலுக்கே பின்வாங்கிவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமில்லை. சுவர் விரிந்தால் சுவர் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தரையே நகர்ந்தால் எங்கே போய் நிற்பது?

அன்றைக்கு இவரிடம் சண்டை போட்டேன்.

"பிள்ளையக் கீழச்சிவல்பட்டிக்கே கொண்டுபோய் விட்ருவோம். மழைக்காலம் முடியட்டும்."

கீழச்சிவல்பட்டி மாப்பிள்ளையின் ஊர்.

"பேறுகாலத்துக்குக் கூட்டிட்டு வந்த பிள்ளையப் பெறாமத் திருப்பி அனுப்புறதா? என்னன்னு சொல்லி அனுப்புவே?"

"வீடு வீங்குதுன்னு சொல்லி அனுப்புவேன்."

"சிரிப்பாக."

"சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க பாக்காததா? உங்களுக்குப் பயமே இல்லையா?"

"எதுக்குப் பயம்? சுண்ணாம்பு போட்டு இறுக்குன தரை. ரெண்டு கல்லு பேந்தா மாத்திக்கிருவோம். சும்மா அந்தப் பிள்ளை மனசையும் கெடுக்காத" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஆத்திரமாக வந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் அப்படி அலட்சியமாகப் படியிறங்கிப் போவதைப் பார்த்தபோது, ஒருவேளை நான்தான் ஒன்றுமில்லாததற்கு அலட்டிக்கொள்கிறேனோ என்று கொஞ்சம் நிம்மதியும் வந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. ஒரு மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் மெஷினில் உட்கார்ந்து மகளின் பிரசவத்துக்கு வேண்டிய பழைய வேட்டிகளை ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"அம்மா, கதவு வரல."

நல்லா இழு என்றேன். இழுத்தேன்மா என்றாள். நான் வெளியிலிருந்து தள்ளினேன். சுவரைத் தள்ளுவது போல இருந்தது. நிலையும் கதவும் ஒரே மரமாகிவிட்டன. மேலே ஒரு பக்கம் நிலை இறங்கிக் கதவைக் கவ்விக்கொண்டு நின்றது கண்ணுக்கே தெரிந்தது. தோள்பட்டையால் இடித்தேன். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மழைச் சத்தத்தில் தெருவில் யாரைக் கூப்பிட்டாலும் கேட்காது. நனைந்துகொண்டே பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அந்த வீட்டம்மா கேள்வி எதுவும் கேட்கவில்லை. கொல்லையில் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

நாங்கள் வருவதற்குள் மகள் கதவைத் தட்டுவதை நிறுத்தியிருந்தாள். அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. கத்துகிற பிள்ளையாக இருந்தால் தேவலை. ஆத்தா, ஆத்தா என்று கூப்பிட்டேன். "இருக்கேம்மா" என்றாள், ரொம்ப மெதுவாக. "மேல இருந்து மண்ணா கொட்டுது. நான் ஓரமா ஒண்டிக்கிட்டு நிக்கிறேன்."

"தள்ளி நில்லு தாயி, நெம்பப் போறோம்" என்றார் பக்கத்து வீட்டம்மா. கடப்பாரையை நிலைக்கும் சுவருக்கும் நடுவில் கொடுத்து இரண்டு பேரும் தொங்கினோம். எனக்கு அந்த மரத்தின்மேல் வந்த வெறி இருக்கிறதே, அது எத்தனை பேர் கைபட்ட கதவாக இருந்தால் எனக்கென்ன. பூச்சு உதிர்ந்தது, செங்கல் ஒன்று நகர்ந்தது, கதவு கீலோடு பிய்ந்து எங்கள்மேல் சாய்ந்தது. மகள் சுவரோரமாக, வயிற்றைச் சுற்றி இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றாள். தலையிலும் தோளிலும் சிமெண்டுத் தூள். என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா" என்றாள். அவள் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன.

சாயங்காலமே வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். தேதிக்கு முன்னால்தான் என்றாலும் நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. கையில் வாங்கும்போது அதன் எடையைக் கூட நான் உணரவில்லை. இதை எந்த அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி முகத்தைப் பார்த்த முதல் நிமிடத்தில் சுவரை நினைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குக் காலையில் நான் முன்னாலேயே வந்துவிட்டேன். இவரும் மாப்பிள்ளையும் தாயையும் பிள்ளையையும் காரில் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. மழை விட்டிருந்தது. எழும்பிய கற்களை இவர் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிமெண்டு பூசியிருந்தார். உடைந்த குளியலறைக் கதவுக்குப் பதில் ஒரு திரை தொங்கியது. குளியலறைச் சுவரோரமாகப் புதுத் தொட்டில். விரிசலை நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

ஆரத்தி கரைக்க வேண்டும். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கரைத்தேன். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தால் அது காய்ந்து, அடியில் ஒட்டி, சுரண்டினாலும் வரவில்லை. கார் கிளம்பிவிட்டது என்று போன் வந்துவிட்டது. அப்போதுதான் கொல்லைப்புறக் கொட்டகையில் இருந்த மூட்டைகள் ஞாபகம் வந்தன. மண்ணில் கலந்ததுபோக மிச்சம் இருந்த சுண்ணாம்பு என்று இவர் அடுக்கி வைத்திருந்தது. ஊருக்கே போதுகிற அளவுக்குச் சுண்ணாம்பை வைத்துக்கொண்டு டப்பாவைச் சுரண்டுகிறோமே என்று என்னையே திட்டிக்கொண்டு ஒரு கை அள்ளிவந்து கொஞ்சம் போட்டுக் கலக்கினேன்.

சிவக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் போட்டேன். தண்ணீர் கலங்கியது, சிவக்கவில்லை. மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. மஞ்சளில்தான் கோளாறோ என்று பக்கத்து வீட்டம்மாவிடம் ஓடிப் போய் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு பொட்டு வாங்கி வந்து, அதே மஞ்சளை வேறு தட்டில் கரைத்துப் போட்டேன். விரல் பட்ட இடத்திலிருந்து ரத்தச் சிவப்பாகப் பரவியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு கொட்டகைக்குப் போய் மூட்டையைக் கவிழ்த்தேன். மாவாக அரைபட்ட வெள்ளைத் தூள். நடுவில் அரைபடாத சில்லு ஒன்று கிடந்தது. திருப்பினேன். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் கண்ணாடி போன்ற வழவழப்பு. எந்தப் பெரிய வீட்டுச் சுவரிலும் கன்னத்தை வைத்துப் பார்த்தால் தெரிகிற அந்த வழவழப்பு.

காரை. இடித்த வீட்டுக் காரையை அரைத்துக் கொட்டியிருக்கிறார்.

என்ஜினியர் தம்பிக்குப் போன் போட்டேன். அங்கே அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"தண்ணி ஊத்தயில பொங்குச்சா மதினி? சூடு வந்துச்சா?"

"ஒண்ணும் வரல. ஆரத்தி கூடச் சிவக்கல."

"அது செத்த சுண்ணாம்பு மதினி. சுவத்துல இருந்து கெட்டியானதோட அது வேலை முடிஞ்சுபோச்சு. அரைச்சாலும் அது கல்லுப் பொடிதான். மறுபடி சூளையில வச்சுச் சுட்டாத்தான் உயிர் வரும். அப்ப உள்ள போட்ட சாம்பலும் சும்மாதான் கெடக்கு. வீடு முழுக்க அடியில இருக்க மண்ணு இன்னும் வெறும் களிமண்ணுதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "வீடு ஒரே நாள்ல விழுந்துறாது, பயப்படாதீக. தூணு நிக்கும். அந்த ரூமுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல கட்டுன ஒத்தைச் செங்கல் சுவத்தை மட்டும் நம்பாதீக. பிள்ளைய அங்க படுக்க வைக்காதீக."

பயப்படாதே என்பதையும் படுக்க வைக்காதே என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறான். அந்த ஒத்தைச் செங்கல் சுவரை ஒட்டித்தான் தொட்டில் நின்றது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த கோடையில் அவனே லீவில் வந்து நின்று, வீட்டைச் சுற்றித் தோண்டி, நல்ல சுண்ணாம்பை நீற்றி, சாம்பலோடு கலந்து, மழைத்தண்ணீர் சுவரடியில் இறங்காதபடி சுற்றிலும் தளம் போட்டு, அந்த அறையின் தரையை முழுசாகப் பெயர்த்து எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான். சுண்ணாம்பு நீறும்போது கொதித்த கொதியைத் தெருவே வந்து பார்த்தது. வீடு இப்போது நிற்கிறது. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், காரின் ஹாரன் சத்தம் தெருமுனையில் கேட்டது என்பதுதான்.

ஆரத்தித் தட்டைக் கையில் எடுத்தேன். எந்தத் தட்டை எடுத்தேன் என்று கூடப் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே போய், படியில் ஏறவிடாதபடி நின்றேன். மாப்பிள்ளை காரை நிறுத்தினார். இவர் முன் சீட்டிலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக வந்தார். பின் சீட்டில் மகள், மடியில் துணிச் சுருளாகக் குழந்தை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள்.

"இறங்காத" என்றேன்.

பெற்ற மகளை, பிறந்த பிள்ளையோடு வந்தவளை, வாசலில் நிறுத்தி இறங்காதே என்று எந்தத் தாய் சொல்வாள்? என் வாயிலிருந்துதான் வந்தது, என் காதே கூசியது. பக்கத்து வீட்டம்மா மதில்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் என்னையும் இவரையும் பார்த்தார். "வீட்டுத் தரை சரியில்ல மாப்ளை. சுவரு நம்புறாப்ல இல்ல. நேரா உங்க ஊருக்கே போயிருவோம், நானும் வாரேன். உங்க வீட்டுல வச்சுப் பாத்துக்கிறேன்" என்றேன். அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள், என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான் வந்தது.

மகள் வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, நான் உட்காருவதற்காக நகர்ந்து இடம் விட்டாள். அப்படி நகர்ந்த வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் அந்த அறையில் ஒருநாள் கூடத் தூங்கியிருக்கவில்லை.

காருக்குள் வைத்தே ஆரத்தி சுற்றினேன். கையில் இருந்தது சிவக்காத மஞ்சள் தட்டுத்தான். சுற்றிக் கொட்டிவிட்டு இவரைப் பார்த்தேன். இவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "தொட்டில எடுத்துட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

போனவர் வரவில்லை. மாப்பிள்ளை இறங்கப் பார்த்தார். நீங்க பிள்ளைகிட்ட இருங்க என்று சொல்லிவிட்டு நான் போனேன். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டுதான் போனேன். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த வார்த்தைகள். அறைக் கதவு பாதியில் நின்றது. உடம்பை ஒடுக்கி உள்ளே நுழைந்தேன். இவர் தொட்டிலுக்குப் பக்கத்தில், வீங்கிய தரையில், இரண்டு கைகளையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார், நிமிராமலே. "கதவு மொத தடவை உரசுன அன்னைக்கே தெரியும். மரம் ஊறலன்னு எனக்குத் தெரியாதா? கடப்பாரைக்கே அசையாத காரைன்னு நம்பித்தான் அரைச்சுப் போட்டேன். நீ சுவத்துல கோடு போட்டுட்டுப் போனதுக்கப்புறம் நானும் வந்து பாப்பேன். எங்குட்டுக் கொண்டுபோறது, யார்ட்டச் சொல்றதுன்னு தெரியல. பயமா இருக்குத்தா. எனக்குந்தான் பயமா இருக்கு."

கோபம் வர வேண்டும், வரவில்லை. அந்த ஐப்பசி முழுக்க நான் பட்ட பயமெல்லாம், பக்கத்தில் ஒரு மனுசன் பயப்படாமல் இருக்கிறார் என்ற தைரியத்தில் பட்ட பயம். அவரை ஏசிக்கொண்டே அவர்மேல்தான் சாய்ந்து நின்றிருக்கிறேன். இப்போது அதுவும் இல்லை. அந்த அறையில் நானும் அவரும், இரண்டு பேருமே பயந்தவர்கள்.

"எந்திரிங்க" என்றேன். "சுவத்துப் பக்கம் நிக்காதீக. நீங்க அந்தத் தலைமாட்டைப் புடிங்க, நான் இங்குட்டுப் புடிக்கிறேன்."

கதவு பாதிதான் திறந்தது. தொட்டிலைச் சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்து, இரண்டு பேருமாக வெளியே கொண்டுவந்தோம்.